நிரை

பிறப்புச் சான்றிதழில் நான் நிரைமதி.
பரீட்சை அனுமதி அட்டையில் நிறைமதி.
அம்மா வைத்தது நிறை.
முகாமில் கியூவில் நின்று பிந்திப் பதிந்தபோது
எழுதினவருக்கு அவசரம்.

தாயம் படித்த அன்று வகுப்பில் சிரித்துவிட்டேன்:
நிரல் என்றால் நெடுக்காக,
நிரை என்றால் கிடையாக.
சனம் கிடையாக நின்ற காலத்தில்
பெயர் கிடைத்தவள்.

இருவரும் ஒருவரே என்று
சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி.
முத்திரைக்கும் எழுத்துக்கூலிக்கும் போனது
அம்மாவின் இரண்டு நாள் கச்சான் ஆய்ச்சல்.
விதானையாரின் வதிவிடக் கடிதம் கிடைத்தது.
அதிபரின் ஒப்பம் கிடைக்கவில்லை:
கிளிநொச்சியில் கூட்டம், நாளைக்கு வா.
நாளைக்குப் போனேன். முல்லைத்தீவில் கூட்டம்.

*தெரிவுகளை விருப்ப ஒழுங்கில் நிரப்புக.
பின்னர் மாற்ற இயலாது.*

தவநேசன் சேர் சொன்னார்,
எந்திரவியலை மேல போடு,
எங்கட மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவு, விட்டிடாதை.
அண்ணா சொன்னான்,
வவுனியாவெண்டால் நானே கொண்டுவந்து விடுவன்.
அம்மா ஒன்றும் சொல்லவில்லை,
கைநூலைப் பிரித்துப் பார்த்து
இவ்வளவு படிப்பிருக்கோ என்றாள்.

எங்கள் வளவின் கிழக்கே
கச்சான் பாத்திக்கு நடுவில் ஒரு கொங்கிறீட் கல்.
வன இலாகா நட்டது, போன மாரிக்கு முதல்.
அங்கால காடு, இங்கால நாங்கள் என்று
படம் சொல்கிறதாம்.
படத்தைக் காட்டவில்லை.
அம்மா பெர்மிற்றை விரித்தாள்.
மடிப்பில் கிழிந்த இடத்தில்தான்
எல்லை இருந்தது.

முக்காலிக்குப் பின்னால் ஒற்றைக் கண் மூடி நின்றவரிடம்
ஒருக்காப் பார்க்கட்டா என்று கேட்டேன்.
சிங்களத்தில் சிரித்தார், தள்ளி நின்றார்.
கண்ணாடிக்குள் எங்கள் கிணற்றுக் கட்டு
கைக்கெட்டும் கிட்டத்தில்,
வாளிக்கயிற்றின் பிசிர்கூடத் தெரிய.
கீழே ஓர் எண், மூன்று தசமதானத்துக்கு.
இத்தனை வருசமாகத் தண்ணீர் அள்ளுகிறோம்,
அது எவ்வளவு தூரம் என்று
எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.
அந்த எண்
பௌதிகக் கொப்பியின் பின்மட்டையில் இன்னும் இருக்கிறது.

ஒட்டுசுட்டானில் சுவேந்திரன் அண்ணையின் கடை.
எனக்கு முன்னால் ஐந்து பேர்,
ஒருத்தி புகைப்படத்தில் கண் மூடியிருந்ததால்
மறுபடி எடுக்கப் போயிருந்தாள்.
என் முறை வந்தபோது
ஓ.ரி.பி. அண்ணாவின் போனுக்குப் போனது.
அவன் டிப்பரோடு
சிக்னல் இல்லாத காட்டுக்குள்.
இரண்டு தரம் காலாவதி.
மூன்றாம் தரம் எஞ்சின் இரைச்சலுக்குள்ளால் கத்தினான்:
நாலு, ஒன்பது, ஒன்பது,
பொறு, ஒரு மாடு குறுக்கால,
பூச்சியம், ரெண்டு, ஏழு.

முதலாம் நிரை.
நில அளவை விஞ்ஞானம் என்றேன்.
சுவேந்திரன் அண்ணை எலியிலிருந்து கையை எடுத்தார்.
தங்கச்சி, மேலையும் கீழையும் மாறிப்போச்சோ?
மாறவில்லை.
எந்திரவியல் இரண்டாவது.
மூன்றாவதிலிருந்து சேர் சொன்னபடி.

வெட்டுப்புள்ளி
என்னை எந்தப் பக்கம் விடும் என்று தெரியாது.
அதுவும் ஒரு கல்தான்.
கொழும்பில் நடுவார்கள்.

பற்றுச்சீட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி
சட்டைக்குள் வைத்து சைக்கிள் மிதித்தேன்.
முத்தையன்கட்டு வாய்க்கால் கரையில்
காற்று எதிராக.

அம்மா கச்சான் கொடியை உதறிக்கொண்டிருந்தாள்.
முதலாவதா என்ன போட்டனி?
சொன்னேன்.
அது எங்க?
பெலிகுல் ஓயா. மலைப் பக்கம்.
கல்லைப் பார்த்தாள்.
இரண்டு மூன்று கொடி உதறினாள்.
மண் கொட்டியது.

அங்கை சரியான குளிராம், என்றாள்.
உனக்கு ஒரு சுவெற்றர் வேணும்.